சென்னியப்பனின் இடது கை

ஞாயிற்றுக்கிழமையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மாட்டு வியாபாரிகளாக இருந்திருக்க முடியாது. எங்களுக்கு வாரம் என்றால் ஊர்ப் பெயர்கள்தான். திங்கள் ஓர் ஊர்ச் சந்தை, செவ்வாய் இன்னோர் ஊர்ச் சந்தை என்று போய், சனிக்கிழமை வீடு திரும்பும்போது உடம்பில் ஆறு ஊர்ப் புழுதி இருக்கும். ஞாயிறு மட்டும் எங்கள் பக்கத்தில் சந்தை கிடையாது. அன்றைக்கு நான் ஒன்று தூங்க வேண்டும், இல்லை பெண்டாட்டி சௌந்திரத்திடம் திட்டு வாங்க வேண்டும். பகலில் எனக்குத் தூக்கம் வராது.

தாது வருஷத்துப் பங்குனியில் அப்படி ஒரு ஞாயிறு. வேப்பங்குச்சியால் பல் துலக்கிவிட்டு, சுவரில் தொங்கிய கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு வயது பார்ப்பது பல்லை வைத்துத்தான். இரண்டு பல், நாலு பல், ஆறு பல். எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் விற்கிறவன் சொல்வதுதான் வயது. எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. கீழ்வரிசையில் மூன்று போய்விட்டன, நாலாவது புறப்படத் தயாராக ஆடிக்கொண்டிருந்தது. என்னை யாராவது சந்தைக்கு ஓட்டி வந்திருந்தால் நானே விலை கேட்காமல் தாண்டிப் போயிருப்பேன்.

"ஆரு வாங்க வாராங்கன்னு பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க?" என்றாள் சௌந்திரம், முறத்தை வாசலில் தட்டிக்கொண்டே.

"வந்தா குடுத்துருவியா?"

"கயிறையும் சேத்துக் குடுப்பேன்." கொஞ்ச நேரம் புடைத்துவிட்டு, வேறு குரலில் சொன்னாள்: "சென்னியப்பண்ணனுக்கு மூணு நாளா கஞ்சி எறங்கலையாமா. வாயத் தொறக்க மாட்டேங்கறாராமா. நேத்து அங்கம்மா கெணத்து மேட்டுல நின்னு அழுதுச்சு. நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வாங்க."

"போன வாரந்தான போனேன்?"

"போயி என்ன பண்ணினீங்க? மோட்டுவளையப் பாத்துட்டு வந்தீங்க."

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சென்னியப்பன் மாட்டுத் தரகன். முப்பத்திரண்டு வருஷம் நானும் அவனும் சேர்ந்து சந்தைக்குப் போயிருக்கிறோம். வெண்ணந்தூரிலிருந்து கெங்கவல்லி வரை அவன் கை படாத மாட்டு வால் இல்லை. தை மாதத்தில் ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பி வரும்போது, வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் போய்விட்டது. நாமக்கல்லிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார்கள். நன்றாகச் சாப்பிட்டால் நாளடைவில் தேறலாம், சாப்பிடாவிட்டால் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அதன்பிறகு ஆறேழு தடவை போய்ப் பார்த்திருப்பேன். போனால் எனக்குப் பேச வராது. என் அப்பா ராசிபுரத்தில் நெய் வியாபாரி, மாமன்மார் இளம்பிள்ளைப் பக்கம் சேலை வியாபாரி. நான் தொட்டிலில் கிடந்தபோதே காதில் விழுந்தது பேரம்தான். ஒருவன் ஒன்று சொன்னால் எதிராளி ஒன்று குறைத்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு நாக்கு புரளும். திரும்பி ஒன்றும் சொல்லாத ஆளிடம் என்ன பேசுவது? உட்கார்ந்திருப்பேன். அவன் இடது கை வந்து என் விரல்களைப் பிடித்து அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். "நரம்பு இழுக்குதுங்க மாமா, டாக்டரு சொன்னாருங்க" என்பான் அவன் மகன் தண்டாயுதபாணி. நானும் தலையாட்டிவிட்டு, மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்று வழியெல்லாம் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. அலவாய்மலைப் பக்கமிருந்து காற்று வந்தது, வெயில் இன்னும் முறைக்க ஆரம்பிக்கவில்லை. யாரோ ஒரு தோட்டத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷமாக இந்தத் தடத்தில் மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்தே நடந்திருக்கிறேன். இத்தனை மரம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மரத்தைப் பார்த்து ரசிக்கிற வயது வந்துவிட்டதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தோட்டத்து வீட்டில் தண்டாயுதபாணி வாசலிலேயே நின்றான். சேலத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா, லீவில் வந்திருந்தான். படித்த பிள்ளை; கவலையைக்கூடச் சட்டைப் பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டுதான் படுவான்.

"வாங்க மாமா. அம்மா பின்னால இருக்குது. அப்பாவுக்கு ஒண்ணும் நெனவு இல்லீங்க. வெறிச்சுப் பாக்கறாரு, கரண்டியக் கொண்டு போனா பல்லக் கடிச்சுக்கறாரு. இனி நாம பண்றதுக்கு..." முடிக்காமல் நிறுத்தினான்.

"நீ போயி ஒரு வாய் தண்ணி குடி, சாமி. நான் உக்காந்திருக்கறேன்" என்றேன்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தான் சென்னியப்பன். சந்தையில் அவன் நின்றால் நாலு மாடு மறையும். இப்போது கட்டிலில் பாதிதான் நிறைந்திருந்தது. இடது கையில் கஞ்சி சிந்திக் காய்ந்திருந்தது, ஈ மொய்த்தது. தட்டிவிட்டேன், மறுபடி வந்தது. என் தோள் துண்டை எடுத்து அவன் கையின் மேல் போர்த்திவிட்டு, ஓரத்தை என் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துண்டுக்குள்ளே அவன் கை நகர்ந்து வந்து என் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தது.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்தால் வியாபாரம் கெட்டுவிடும். ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரலைப் பிடித்தால் பத்து ரூபாய். விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அதில் பாதி. உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறல், ஒன்று. கையை உதறினால் கட்டாது என்று பொருள்.

நாலு விரல் பிடிபட்டதும், என் கை என்னைக் கேட்காமலேயே உதறியது. வருஷக்கணக்கான பழக்கம். கட்டிலில் கிடப்பவன் யார், நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றெல்லாம் கைக்குத் தெரியுமா?

அவன் கை திரும்பி வந்தது. மறுபடி நாலு விரல். அப்புறம் கட்டைவிரலின் நடுக்கணுவில் ஓர் அழுத்து.

நாற்பத்தைந்து.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வாயின் வலதுபக்கம் தொங்கிக் கிடந்தது. இடதுபக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். நாம் குறைக்கச் சொன்னால் கூட்டிச் சொல்லி நம்மை மிரட்டுகிற அயோக்கியச் சிரிப்பு அது.

"அடப்பாவி" என்றேன். "எதுக்குடா நாப்பத்தஞ்சு?"

அவன் கண் மெதுவாக வாசல் பக்கம் போனது. அங்கே வேம்புக்கடியில் அவனுடைய செவலைக் கிடாரி கட்டியிருந்தது. தை மாதத்தில், அந்த வண்டியில், அதற்குத்தான் நான் முப்பது என்று கேட்டிருந்தேன். அவன் திருப்பிச் சொல்வதற்குள் சாய்ந்துவிட்டான். இரண்டு மாதமாக இவன் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். துண்டு இல்லாததால், அதுவும் இடது கையானதால், எனக்கு அது பேச்சாகத் தெரியவில்லை. ஊரெல்லாம் என்னைப் பெரிய வியாபாரி என்கிறது. வாசல் தேடி வந்த விலையை ஆறேழு தடவை நரம்பு இழுப்பு என்று தள்ளிவிட்டுப் போனவன் நான்.

ஆனாலும் வியாபாரி, சோதிக்காமல் நம்ப மாட்டேன்.

"இரு. மோகனூர்ல அந்த மயிலைக் காளை புடிச்சுக் குடுத்தியே, கரூர்க்காரன்கிட்ட. என்ன வெலை? சொல்லு பாப்போம்."

எனக்கு நன்றாக நினைவிருந்தது: எண்பத்தைந்து. அவன் என் விரல்களை எண்ணிப் பிடித்தான். ஐந்து, விட்டுவிட்டு மறுபடி மூன்று. எண்பது. அப்புறம் உள்ளங்கையில் இரண்டு கீறல்.

"எம்பத்திரண்டா? எம்பத்தஞ்சு குடுத்தேன்டா!"

மறுபடியும் இரண்டு கீறல், அழுத்தமாக. இடது வாயோரம் இன்னும் மேலே ஏறியது.

கரூர்க்காரனுக்குப் போனது எண்பத்திரண்டு. தரகு தனியாக வாங்கிக்கொண்டு, அதற்குமேல் மூன்று ரூபாயை இவன் மடியில் கட்டியிருக்கிறான். பதினாறு வருஷம் கழித்து, வாய் போன பிறகு, ஒப்புக்கொள்கிறான். மூன்று ரூபாய்க்கு ஏமாந்ததற்காக நான் அந்தக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் எந்த லாபமும் என்னை அப்படி அழ வைத்ததில்லை. அவன் உள்ளே முழுசாக இருந்தான். திருட்டுத்தனம் முதற்கொண்டு ஒன்றும் குறையவில்லை.

"தண்டபாணி! இங்க வா!"

அவன் ஓடிவந்தான். சொன்னேன். நம்பவில்லை.

"உங்களுக்கு அப்படித் தோணுதுங்க மாமா. ஆசைல தோணும். டாக்டரு தெளிவாச் சொன்னாருங்களே."

"டாக்டரு சந்தைக்கு வந்திருக்காரா? உனக்கு வயசு என்ன?"

"இருவத்தஞ்சுங்க. ஏனுங்க?"

சென்னியப்பன் பக்கம் திரும்பினேன். "மாப்ளே, உம் பையனுக்கு என்ன வயசு?"

இரண்டு விரல். அப்புறம் உள்ளங்கையில் கீறல். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். ஆறில் நின்றது.

"இருவத்தாறுங்கறான்."

தண்டாயுதபாணி வருத்தத்தோடு சிரித்தான். "பாத்தீங்களா? தப்பு. சர்ட்டிபிகேட்லயே இருவத்தஞ்சுதானுங்க."

பின்கட்டு வாசலில் அவன் அம்மா அங்கம்மாள் நின்றிருந்தாள். கையில் ஈரம் சொட்டியது. "இருவத்தாறுதான்" என்றாள் மெதுவாக. "பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப ஒண்ணு கொறச்சு எழுதிப்புட்டாங்க. அது எனக்கும் உங்கப்பனுக்குந்தான் தெரியும்."

பையன் அப்படியே கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாப் பித்தானும் போட்டிருந்த சட்டைக்குள்ளே தோள் குலுங்கியது.

ஆள் உள்ளே இருக்கிறான் என்பது ருசுவாகிவிட்டது. அப்படியானால் கஞ்சிக்குப் பல்லைக் கடிப்பதும் அவன்தான், தெரிந்தே செய்கிறான். சந்தோஷம் தீருவதற்குள் அந்த நினைப்பும் வந்துவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. விரலில் ஏனுக்குப் பதில் கிடையாது. எனக்கும் கேட்கத் தேவையில்லை. ஊர்மாட்டையெல்லாம் கையால் அடக்கி நிறுத்தினவனைப் பெண்டாட்டி துடைத்துப் புரட்டிப் போடுகிறாள். வேறென்ன இருக்கும்?

துண்டைச் சரிசெய்து அவன் கையைப் பிடித்தேன்.

"இந்தா பாரு. இப்ப மாடு இல்ல, வேற யாவாரம். ஒரு வெரலு ஒரு வருசம். இன்னும் எத்தன வருசம் இருக்கலாம்னு இருக்கறே?"

உதறினான்.

"சரி, நான் கேக்கறேன்." ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, மறுபடி ஐந்தையும் பிடித்தேன். பத்து.

உதறினான். ஆனால் உதறிவிட்டு என் கையை விட்டுவிடவில்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. வியாபாரம் வேண்டாம் என்பவன் உதறிவிட்டுத் துண்டைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவான். கையை விடாதவன் இன்னும் பேசுகிறான். நான் காத்திருந்தேன். வெளியே கிடாரி ஒருமுறை கத்தியது. பங்குனி வெயில் வாசற்படி வரை வந்துவிட்டது.

என் சுண்டுவிரலைப் பிடித்தான். நடுக்கணுவில் அழுத்தினான்.

அரை வருஷம். புரட்டாசி வரைக்கும்.

மற்றவனாயிருந்தால் அழுதிருப்பான். எனக்குள்ளே மேளம் கொட்டியது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றவன் அரைக்கு வந்துவிட்டான். அரை என்று வாய் திறந்தவனை ஒன்றுக்கு இழுக்கத் தெரியாவிட்டால் நான் நெய்க்காரர் வீட்டில் பிறந்து என்ன பயன்?

"அரையா? இந்த வெலைக்கு ஆட்டுக்குட்டி கூட வராது" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது பிடித்தேன்.

அவன் யோசித்தான். ஒரு விரல், முழுசாக. ஒன்று.

எட்டு என்று நான் பிடிப்பதற்குள் அங்கம்மாள் கிட்டே வந்துவிட்டாள்.

"என்ன வெலைங்கண்ணா பேசறீங்க?"

துண்டுக்குள் பேசுவதை மூன்றாம் ஆளிடம் சொல்வது எங்கள் வழக்கமில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் சௌந்திரத்திடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் இவள் எப்படி மூன்றாம் ஆள்?

"வருசம், அம்மிணி. இன்னும் எத்தன வருசம் இருக்கறதுன்னு. அரையில ஆரம்பிச்சான், இப்ப ஒண்ணுக்கு வந்திருக்கான். நீ ஒண்ணும் கவலப்படாத, சாயங்காலத்துக்குள்ள நான் அஞ்சாறுக்குக் கொண்டாந்துருவேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்கிட்டக் கேக்காம ஒண்ணுன்னு சொன்னாராக்கும்" என்றாள். குரலில் துக்கத்தைவிடக் கோபம் அதிகம். "கலியாணமாயி முப்பது வருசமாச்சு. மாரியாயி கோயில் நோம்பிக்கு ஒரு சீலை எடுத்தாக்கூட எங்கிட்டக் கேட்டுத்தான் எடுப்பாரு. இதுக்கு நான் வேண்டாமாமா?" என் பக்கம் திரும்பினாள். "எனக்கு அந்தப் பேச்சச் சொல்லிக் குடுங்கண்ணா."

"பொம்பளைங்க..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டேன்.

சொல்லிக் கொடுக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. விரல் ஒன்று, கணு அரை, உதறினால் கட்டாது. அவ்வளவுதான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாங்கள் இத்தனை காலமாக ஏதோ வேத ரகசியம் போல மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

நான் எழுந்து இடம் விட்டேன். அங்கம்மாள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, துண்டுக்குள் விட்டாள்.

பெரிய பெரிய வியாபாரம் எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. துண்டு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு சட்டென்று துள்ளியது. அவள்தான் உதறியிருக்க வேண்டும், ஏனென்றால் சென்னியப்பன் கண்ணைத் திறந்துவிட்டான். மறுபடி அசைவு. மறுபடி துள்ளல்.

"கத்திரிக்காக்காரன் கூட இப்படிக் கிள்ளிக் கிள்ளி ஏத்த மாட்டான்" என்றாள்.

அவன் நெற்றியில் வேர்த்தது. சந்தையில் எத்தனை பேரை வேர்க்க வைத்தவன்! மனசுக்குள் நான் நன்றி சொல்லிக்கொண்டேன். யாருக்கு என்று தெரியவில்லை. சந்தை கூடாத இந்தக் கிழமைக்கா, கஞ்சி வாசத்துக்கு வந்த அந்த ஈக்களுக்கா, இந்த ஊரில் என்னைப் பிறக்க வைத்த சாமிக்கா? ஐம்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, நான் விலை கேட்காமலே போய்விட்டன. இதையாவது பார்க்கக் கொடுத்துவைத்ததே.

கடைசியில் துண்டு அசையாமல் நின்றது. வெகுநேரம் நின்றது. பிடித்த விரலை இருவரில் யாரோ விடாமல் வைத்திருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது.

அங்கம்மாள் மற்றொரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனைம்மா?" என்றான் தண்டாயுதபாணி.

"அது எங்க யாவாரம்."

"நம்ம மாமாவுக்காவது..."

"அண்ணனுக்கும் இல்ல. நீ போயி கஞ்சிய எடுத்துட்டு வா, சாமி. அடுப்பு மேல இருக்குது. ஆறிப்போச்சுன்னா உங்கப்பாரு பேச்சு மாறிப்புடுவாரு."

அவன் எழுந்து ஓடினான். கஞ்சி வந்தது. அவள் வலது கை துண்டுக்குள்ளேயே இருந்ததால் இடது கையால் கரண்டியை எடுத்தாள். பழக்கமில்லாத கை, முதல் கரண்டியில் பாதி அவன் மோவாயில் வழிந்தது. மீதி உள்ளே போய், தொண்டை ஏறி இறங்கியது. சென்னியப்பன் அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதற்கு வாயைத் திறந்தான்.